பூச்சி எதிர்ப்பு விதையும் களைக்கொல்லி தாங்கும் விதையும்: ஒரே பெயரில் விற்கப்படும் இரு பொருள்களின் மதிப்பீடு

மரபணு மாற்றப்பட்ட பயிர்கள் வேண்டுமா, வேண்டாமா என்று நடக்கும் விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் முதல் கேள்வி, எந்த விதையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான். 1996இல் அமெரிக்க வயல்களில் பெருமளவில் விதைக்கத் தொடங்கியது முதல் இன்றுவரை, மரபணு மாற்றம் என்ற பெயரில் உழவரின் கைக்கு வந்த விதைகளில் மிகப் பெரும் பகுதி இரண்டு வகைகளுக்குள் அடங்கிவிடும். ஒன்று, தன்னைத் தின்னும் புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பயிர். மற்றொன்று, களைக்கொல்லியை மேலே தெளித்தாலும் சாகாமல் நிற்கும் பயிர். முதலாவது, மருந்துத் தெளிப்பானைத் தோளிலிருந்து இறக்கிவைப்பதற்காகச் செய்யப்பட்டது. இரண்டாவது, அதைத் தோளில் ஏற்றுவதற்காகவே செய்யப்பட்டது. நோக்கத்திலேயே எதிரெதிராக நிற்கும் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் ஆதரிப்பதும் எதிர்ப்பதும்தான் இந்த விவாதம் இத்தனை ஆண்டுகளாக நகராமல் நிற்பதற்குக் காரணம் என்று கருதுகிறேன். எனவே காசு கொடுத்து வாங்கும் இரு பொருள்களாகவே இவற்றை இங்கே தனித்தனியாக மதிப்பிடுகிறேன். என் அளவுகோல் ஒன்றே: நிலத்தில் விழும் நஞ்சு குறைந்ததா, குறைந்தது என்றால் எத்தனை காலத்துக்கு?

பூச்சி எதிர்ப்பு விதையை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் மூலம் ஒரு மண் பாக்டீரியா. பட்டுப்புழுக்களைக் கொல்லும் நோய்க்குக் காரணமாக ஜப்பானில் 1901இல் கண்டறியப்பட்டு, பின்னர் ஜெர்மனியில் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிடப்பட்ட இதைத்தான் சுருக்கமாக பி.டி. என்கிறோம். பிரான்சில் 1938 முதல் இது தெளிப்பு மருந்தாக விற்கப்பட்டது. இரசாயனத்தை அறவே தொடாத இயற்கை வேளாண் உழவர்களும் இன்றுவரை இதைத் தெளிக்கிறார்கள். இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் புரதப் படிகம், புழுவின் குடலில் உள்ள காரத்தன்மையில் கரைந்து, அங்குள்ள நொதிகளால் வெட்டப்பட்டு, குடல் சுவரின் குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு துளையிடுகிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, இரண்டு மூன்று நாள்களில் மடிகிறது. மனித வயிறு அமிலத்தன்மை கொண்டது. நம் குடலில் அந்த ஏற்பிகளும் இல்லை. புழு செத்தால் மனிதனும் சாவான் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், இந்தப் புரதத்தைப் பொறுத்தவரை அது பொருந்தாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பயிருக்குள்ளேயே வைத்ததால் கிடைத்த பெரிய நன்மை, தெளிப்பு மருந்து எட்டாத இடத்திலும் புழு மாட்டிக்கொள்வது. கத்தரியின் தண்டு, காய்த் துளைப்பானை நினைத்துப் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த புழு விரைவிலேயே காய்க்குள் புகுந்துவிடும். அதன் பிறகு காயின் மேல் எவ்வளவு மருந்து அடித்தாலும் அதன் உடலில் ஒரு துளி படாது. அதனால்தான் கத்தரி விளைவிப்போர், புழு உள்ளே போவதற்கு முன் எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று வாரத்துக்குப் பலமுறை மருந்து அடிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். வங்கதேசம் 2013இல் பி.டி. கத்தரிக்கு அனுமதி அளித்து, அடுத்த ஆண்டு உழவர்களிடம் கொடுத்தபோது, இந்தத் துளைப்பானுக்கான தெளிப்பு கணிசமாகக் குறைந்தது. உலகெங்கும் நடந்த 147 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வு, மரபணு மாற்றப்பட்ட பயிர்களால் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி உள்ளிட்ட இரசாயன மருந்துகளின் பயன்பாடு சராசரியாக 37 விழுக்காடு குறைந்ததாகவும் விளைச்சல் 22 விழுக்காடு கூடியதாகவும் கணக்கிட்டது. பலரும் மேற்கோள் காட்டும் கணக்கு இது. ஆனால் அந்த 37 விழுக்காட்டைப் பிரித்துப் பார்த்தால், குறைவு முழுவதும் பூச்சி எதிர்ப்புப் பயிர்களிலிருந்து வந்தது தெரியும். களைக்கொல்லி தாங்கும் பயிர்களில் சொல்லிக்கொள்ளும்படியான குறைவே இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்வதால் யாருக்கு ஆதாயம் என்பதை வாசகர் யோசிக்க வேண்டும்.

இந்த விதை எதைச் செய்யாது என்பதைப் பாக்கெட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புழுக்களைத்தான் இது கொல்லும். அசுவினி, தத்துப்பூச்சி, இலைப்பேன், வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளை இது தொடுவதே இல்லை. சீனாவில் பி.டி. பருத்தி பரவிப் பொதுவான மருந்துத் தெளிப்பு குறைந்ததும், அதுவரை அந்த மருந்தால் அடங்கிக் கிடந்த மிரிட் நாவாய்ப்பூச்சிகள் பெருகி, பருத்தியையும் அக்கம்பக்கத்துப் பழத் தோட்டங்களையும் தாக்கத் தொடங்கியதை 2010இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. பூச்சிக்கு மருந்தே வேண்டாம் என்று சொல்லி விற்கப்பட்ட விதையை வாங்கியவர், இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறொரு பூச்சிக்காக மருந்துக் கடைக்குப் போவது இப்படித்தான் நேர்கிறது.

இனி, இந்தப் பொருளின் ஆயுள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த விதையின் நன்மை தீமை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. இலட்சக்கணக்கான புழுக்களில் ஏதோ ஒன்றிரண்டுக்கு இந்த நஞ்சைத் தாங்கும் தன்மை இயல்பிலேயே இருக்கும். வயல் முழுவதும் பி.டி. பயிர் மட்டுமே நின்றால், மற்றவை எல்லாம் செத்து, தாங்கும் தன்மையுள்ள அந்தச் சிலவே தங்களுக்குள் கூடி இனம் பெருக்கும். சில ஆண்டுகளில் வயலில் இருப்பவை எல்லாம் அவற்றின் வாரிசுகளாகவே இருக்கும். இதைத் தடுக்கத்தான், பி.டி. பயிரின் அருகிலேயே சாதாரண விதையையும் ஒரு பங்கு விதைக்கச் சொல்கிறார்கள். இதற்குப் புகலிடப் பயிர் என்று பெயர். அங்கே நஞ்சு படாமல் வளர்ந்து பறக்கும் ஏராளமான அந்துப்பூச்சிகள், பி.டி. வயலில் தப்பிப் பிழைத்த சிலவற்றோடு கூடும். தாங்கும் தன்மை பெரும்பாலும் ஒடுங்கிய பண்பாக, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பாக இருப்பதால், அப்படிப் பிறக்கும் புழுக்கள் பி.டி. பயிரைத் தின்றால் செத்துவிடும். அதாவது, ஒரு மூலையில் சில வரிசைகளைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பதுதான் மீதி வயலைக் காக்கும் வழி.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்ற ஒரே பூச்சி, ஒரே வகைப் புரதத்தின் முன் மூன்று நாடுகளில் மூன்று விதமாக முடிந்ததைப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் உழவர்கள் புகலிடப் பயிரை ஒழுங்காக விதைத்ததால் பத்து ஆண்டுகள் எதிர்ப்புத்தன்மை தலைதூக்கவில்லை. 2006 முதல் மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளை வானூர்திகளிலிருந்து பெருந்தொகையாக வயல்களில் விட்டு, 2018இல் அந்நாட்டின் பருத்திப் பகுதிகளிலிருந்து இந்தப் பூச்சி ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்த இந்தியாவில், விதைப் பாக்கெட்டோடு சாதாரண விதையும் தனியே வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலான வயல்களில் அது விதைக்கப்படவே இல்லை. குஜராத்தில் 2009 பருவத்திலேயே முதல் தலைமுறை விதையில் இருந்த ஒற்றைப் புரதத்துக்கு எதிர்ப்புத்தன்மை கண்டறியப்பட்டது. இரண்டு புரதங்கள் கொண்ட அடுத்த தலைமுறை விதையும் சில ஆண்டுகளில் இந்தப் புழுவிடம் தோற்றது. சீனாவின் யாங்சி பள்ளத்தாக்கில் வேறொன்று நடந்தது. அங்கே, பி.டி. பருத்தியையும் சாதாரணப் பருத்தியையும் கலந்து உண்டாக்கிய வீரிய ஒட்டு விதையின் இரண்டாம் தலைமுறை பரவலாக விதைக்கப்பட்டது. அந்தத் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு செடியில் பி.டி. இருக்காது என்பதால், வயலுக்குள்ளேயே புகலிடம் தானாக அமைந்து, தலைதூக்கிய எதிர்ப்புத்தன்மை மீண்டும் குறைந்தது.

ஆகவே, எதிர்ப்புத்தன்மை வந்துவிட்டது, தொழில்நுட்பம் தோற்றுவிட்டது என்று ஒரு வரியில் முடிப்பதை நான் ஏற்கவில்லை. விதையோடு சேர்த்து விற்க வேண்டிய ஒழுங்கு விற்கப்படவில்லை. சிறு நிலம் வைத்திருப்பவரிடம் உன் வயலில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விடு என்று சொன்னால் அவர் தயங்குவது இயல்பே. அதை முன்கூட்டியே உணர்ந்து, சாதாரண விதையை ஒரே பாக்கெட்டில் கலந்து விற்றிருக்க வேண்டியது விற்றவர்களின் பொறுப்பும் அனுமதி அளித்தவர்களின் பொறுப்பும் ஆகும். அந்தத் தவறுக்கான விலையைக் கொடுத்தவர் வயலில் நின்றவர். இந்த விதைகள் வலுவிழந்த பின் தெளிப்பான்கள் மீண்டும் பருத்தி வயலுக்கு வந்தன. 2017இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், ஆளுயரம் வளர்ந்த பருத்திக்கு நடுவே முகக் காப்பு இல்லாமல் மருந்து அடித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் பலர் நஞ்சேறி இறந்தார்கள்.

விதையின் மேல் பூசப்பட்டிருக்கும் வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கெட்டைப் பிரித்தால் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ தெரியும் அந்தப் பூச்சு பல நேரங்களில் நியோனிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லியோடு சேர்ந்தது. அமெரிக்காவில் விற்கப்படும் மக்காச்சோள விதையில் ஏறத்தாழ எல்லாமே இப்படிப் பூசப்பட்டுத்தான் வருகிறது. தெளிப்பைக் கணக்கெடுக்கும் பட்டியல்களில் இது பெரும்பாலும் சேர்வதில்லை. ஆனால் 2008இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில், விதைப்புக் கருவியிலிருந்து பறந்த பூச்சின் தூசி மட்டுமே ஏராளமான தேனீக் கூடுகளை அழித்தது. அந்தப் பூச்சில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த வகையின் மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. தேவை இருக்கிறதா என்று பார்க்காமல் ஒவ்வொரு விதையிலும் நஞ்சைப் பூசி விற்பது, பி.டி.யால் கிடைத்த நன்மையைப் பின்வாசல் வழியாகத் திருப்பி எடுத்துக்கொள்வதாகும்.

இரண்டாவது பொருளுக்கு வருவோம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 1974இல் விற்பனைக்கு வந்தது. தாவரங்களுக்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்களை உண்டாக்கும் நொதி ஒன்றை இது முடக்குகிறது. பச்சையாக இருப்பது எதுவானாலும் காய்ந்துபோகும். பயிரும் காய்ந்துபோகும் என்பதுதான் இதன் குறை. இந்த மருந்தைத் தயாரிக்கும் தொழிற்சாலையின் கழிவில், மருந்துக்கு நடுவிலேயே உயிரோடு வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து மரபணுவை எடுத்து சோயாவில் வைத்து, 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நஞ்சைத் தொடர்ந்து கொட்டினால் அதைத் தாங்கும் உயிர் உருவாகும் என்பதற்கு அந்தக் கழிவே சான்று. அதே விதி வயலில் உள்ள களைக்கும் பொருந்தும் என்பதை ஏன் அன்றே கணக்கில் கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை தரும் கேள்வி.

தொடக்கத்தில் இந்த விதை வசதியாகத்தான் இருந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. பயிர் முளைத்த பிறகு வயல் முழுவதும் ஒரே சீராகத் தெளித்துவிடலாம். களைக்காக நிலத்தைத் திரும்பத் திரும்ப உழ வேண்டாம் என்பதால், உழவில்லா வேளாண்மை பரவி, சரிவான நிலங்களில் மண்ணரிப்பு குறைந்தது. ஆனால் கிளைபோசேட்டுக்கு அடங்காத களை 1996லேயே ஆஸ்திரேலியாவில் தென்பட்டது; 2000ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்க வயல்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கீரை இனத்தைச் சேர்ந்த பால்மர் அமராந்த் என்ற களை, மருந்து முடக்கும் அந்த நொதியின் மரபணுவைத் தன்னுள் நூற்றுக்கும் மேற்பட்ட நகல்களாகப் பெருக்கிக்கொண்டு நின்றது. ஒரே செடி பல இலட்சம் விதைகளை உதிர்க்கும் களை இது. இதற்கு நிறுவனங்கள் கண்ட தீர்வு, இன்னும் பழைய களைக்கொல்லிகளையும் தாங்கும் விதைகளை விற்பது. அவற்றில் ஒன்று டைகாம்பா. வெப்பமான நாளில் இது ஆவியாகி அடுத்த வயலுக்குப் போகும். அந்த விதையை வாங்காதவரின் சோயாச் செடியில் இளம் இலைகள் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, கிண்ணம் போலக் குவிந்து, நுனி வெளுத்து நிற்கும். 2017இல் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 36 இலட்சம் ஏக்கர் சோயா இப்படிச் சேதமடைந்ததாக மதிப்பிடப்பட்டது. அந்த மருந்தை முளைத்த பயிரின் மேல் தெளிக்கக் கொடுத்த அனுமதியை 2020இலும் 2024இலும் அந்நாட்டு நீதிமன்றங்கள் இரத்து செய்தன. பக்கத்து வயல்காரர் தன் பயிரைக் காத்துக்கொள்ளத் தானும் அதே விதையை வாங்க வேண்டியிருந்தது என்றால், அதை விருப்பப்பட்டு வாங்கிய பொருளாக எப்படி எண்ணுவது?

அமெரிக்காவின் 1996 முதல் 2011 வரையிலான கணக்கை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, பி.டி. பயிர்களால் பூச்சிக்கொல்லி 5.6 கோடி கிலோ குறைந்தது என்றும், களைக்கொல்லி தாங்கும் பயிர்களால் களைக்கொல்லி 23.9 கோடி கிலோ கூடியது என்றும் காட்டியது. எடையை மட்டும் வைத்து நஞ்சை அளப்பது சரியல்ல என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஒரு கிலோ கிளைபோசேட்டும் ஒரு கிலோ மோனோகுரோட்டோபாஸ் என்ற கடும் நஞ்சுள்ள பூச்சிக்கொல்லியும் மனித உடலுக்கு ஒன்றல்ல. ஆயினும் இரு விதைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பதை எந்த அளவுகோலாலும் மறைக்க முடியாது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் கதையும் இதையே சொல்கிறது. பி.டி. மக்காச்சோளத்தின் மகரந்தம் அதன் புழுக்களைக் கொல்லும் என்று 1999இல் ஆய்வகச் சோதனை ஒன்று சொன்னபோது உலகமே பதறியது. வயலில் விரிவாக ஆராய்ந்து 2001இல் வெளிவந்த முடிவுகள், அந்த ஆபத்து மிகமிகச் சிறியது என்றன. ஆனால் அந்தப் புழு உண்டு வாழும் எருக்க இனச் செடிகள், களைக்கொல்லி தாங்கும் பயிர் நின்ற வயல்களிலிருந்து பெருமளவில் மறைந்துபோயின. பலரும் அஞ்சியது முதல் விதையைக் கண்டு. செடியை அழித்தது இரண்டாவது விதையோடு வந்த தெளிப்பு.

கிளைபோசேட் புற்றுநோய் தருமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை இரண்டு பகுதிகளாகத்தான் இருக்க முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015 மார்ச்சில் இதை மனிதர்க்கு அநேகமாகப் புற்றுநோய் தரும் என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பில்லை என்றது. முன்னது, கிளைபோசேட்டோடு அது சேர்ந்த விற்பனைக் கலவைகளைப் பற்றிய ஆய்வுகளையும் பார்த்தது. பின்னது, அதன் மூலப்பொருளை மட்டும் மதிப்பிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பத்து ஆண்டுகளுக்கு அனுமதியைப் புதுப்பித்தது. தட்டில் உணவாக வரும் எச்சத்தைப் பற்றி நான் பெரிதாக அஞ்சவில்லை. கையுறையும் முகக் காப்பும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தெளிப்பவரைப் பற்றித்தான் அஞ்சுகிறேன். நகரத்து விவாதங்களில் அவர் பெயர் அடிபடுவதே இல்லை.

காப்புரிமை பெற்ற விதையைச் சேமித்து மறுபடி விதைக்கும் உரிமை அமெரிக்காவில் இல்லாதது இரு பொருள்களுக்கும் பொதுவான குறை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் ஒருமனதாக அதை உறுதி செய்தது. அறுவடையில் முளைக்காத மலட்டு விதையைத்தான் கொடுக்கிறார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவது மட்டும் உண்மையன்று. அந்தத் தொழில்நுட்பத்துக்கு 1998இல் காப்புரிமை பெற்றார்களே ஒழிய, விற்பனைக்கு ஒருபோதும் வரவில்லை.

முடிவாக வாங்கலாமா என்றால், களைக்கொல்லி தாங்கும் விதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தன்னோடு விற்கப்படும் மருந்தின் ஆயுளைத் தானே குறைத்து, அடுத்த மருந்துக்கு வழிவிடும் பொருள். ஹவாய் தீவில் வளையப்புள்ளி வைரசால் அழிந்துகொண்டிருந்த பப்பாளியை 1998இல் மீட்ட எதிர்ப்பு இரகத்தைப் போல, எந்த மருந்தையும் கூடச் சேர்த்து விற்காத விதைகள் வருமானால் தயங்காமல் வரவேற்பேன். பி.டி. விதையை நிபந்தனையோடு வாங்கலாம். பாக்கெட்டில் எந்தப் புரதங்கள் உள்ளன, உங்கள் பகுதியில் எந்தப் புழு அவற்றுக்கு இன்னும் அடங்குகிறது என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டறிந்த பிறகே வாங்குங்கள்; புகலிட விதையை வீசிவிடாமல் விதையுங்கள். பருத்தியானால், பூக்கும் பருவத்துக்கு முன் இனக்கவர்ச்சிப் பொறிகளை வையுங்கள். காய் பிடித்ததும் வாரம் ஒருமுறை வயலின் பல இடங்களிலிருந்து 20 பச்சைக் காய்களைப் பறித்து உடைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு உள்ளே போன துளை மூடிக்கொள்வதால், வெளியே பார்க்க அந்தக் காய் பழுதில்லாமல் பளபளப்பாகவே இருக்கும். உடைத்தால்தான் கறைபடிந்த பஞ்சும் குடைந்த விதையும் தெரியும். 20இல் 2 காய்களில் புழு இருந்தால் மட்டும் மருந்தை எடுங்கள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்தி மாரை, அதாவது காய்ந்த செடிகளை, வயலில் விடாமல் அகற்றிவிடுங்கள், ஏனென்றால் அதில் தொங்கும் காய்ந்த காய்களுக்குள்தான் அடுத்த பருவத்துக்கான புழு தங்கியிருக்கும்.